முப்பது ரூபாய் உத்தியோகம்

படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் உறவினர் கேட்கும் முதற்கேள்வி "என்ன படித்தாய்?" என்பதன்று, "யாரையாவது பார்த்தாயா?" என்பதே. 'பார்ப்பது' என்னும் இந்த எளிய வினைச்சொல்லுக்குள் பெரியதொரு சடங்கே அடங்கியிருக்கிறது. காலையில் குளித்து, வெளுத்த வேட்டி உடுத்தி, கையில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு பெரிய மனிதரின் வீட்டுத் திண்ணையில் அவர் வெளியே வரும்வரை காத்திருப்பதே அச்சடங்கு. நம் பாட்டனார்களுள் பலர் இதைச் செய்தவர்கள்தாம். இன்று 'சிபாரிசு' என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய சென்னை மாகாணத்தில் அது மறைவாகச் செய்யப்பட்ட காரியமன்று. பட்டம் ஒரு வாசல் என்றால், அறிந்தவர் எழுதித்தரும் கடிதம் இன்னொரு வாசல். இரண்டாம் வாசலின் வழியாக நுழைந்த இருவரின் கதையை இக்கட்டுரையில் காண்போம். இருவரும் கும்பகோணத்தோடு தொடர்புடையவர்கள். இருவரிடமும் பட்டம் கிடையாது.

முதலில் பட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு 1844இல் அறிவித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் சட்டத்தின் வழியே பிறந்தது. மறு ஆண்டே அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக வெளிவந்தவர்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் ஆவர். பழந்தமிழ் நூல்களின் பதிப்பாசிரியராகத்தான் தாமோதரம் பிள்ளையை நமக்குத் தெரியும். அவருடைய உத்தியோக வரலாறும் சுவையானதே. கள்ளிக்கோட்டையில் ஆசிரியப் பணி, சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறை, 1871இல் பி.எல்., பின்னர்க் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில், அதன்பின் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி என்று அவர் மாறி மாறிச் சென்ற இடங்களைப் பார்க்கும்போது, அந்த நாளில் ஒரு பட்டம் எத்தனை கதவுகளைத் திறந்தது என்பது விளங்குகிறது. பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணத்தக்க தொகையினராய் இருந்த காலம் அது. அவர்கள் வேலையைத் தேடினார்கள் என்பதைவிட, வேலை அவர்களைத் தேடியது என்பதே பொருத்தம்.

அந்தப் பொற்காலம் நீடிக்கவில்லை. மெட்ரிகுலேஷன், எப்.ஏ., பி.ஏ. என்ற படிகளில் ஏறத் தொடங்கியோர் ஆயிரமாயிரம். இடையிலே சறுக்கியோரே மிகுதி. 'எப்.ஏ. தவறியவர்', 'பி.ஏ. தவறியவர்' என்று தவறியதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ளும் விந்தையான வழக்கம் இந்நாட்டில் தோன்றியது இதனாலேதான். (எழுதிப் பார்த்தவன் என்பதும் ஒரு தகுதிதானே!)

படியில் ஏறாமலே கல்லூரிக்குள் நுழைந்தவர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான அவர், ஆசிரியர் 1876இல் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்திலே சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் பாடம் சொல்லிவந்தார். ஆங்கிலம் அறியாதவர், பல்கலைக்கழகம் தந்த தாள் ஒன்றும் அவரிடம் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கிய தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெற நேர்ந்தபோது, தம் இடத்துக்குத் தம்மோடு ஒரே ஆசிரியரிடம் பயின்ற இவ்விளைஞரையே நியமிக்க வேண்டும் என்று முதல்வர் கோபால ராவிடம் வற்புறுத்தினார். மடத்தில் விடைபெறுவதும் எளிதாய் இருக்கவில்லை. தேசிகருக்கு அவரைப் பிரிய மனமில்லை; பின்னர் ஒருவாறு இசைந்து ஆசி கூறி அனுப்பினார்.

செட்டியாரின் சொல் ஒன்றுக்காகவே கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆசிரியர்கள் சூழ்ந்திருந்து பாடல்களுக்குப் பொருள் கேட்டார்கள். அந்த இடத்திலேயே செய்யுள் இயற்றச் சொன்னார்கள். இக்கால நேர்முகத் தேர்வுக்கு எவ்வகையிலும் குறையாத சோதனை அது. அதில் தேறி, 1880 பிப்ரவரி 16ஆம் நாள், இருபத்தைந்து வயது நிறைவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர் அவர் வேலையில் அமர்ந்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். அவ்வாண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டதும், சீவக சிந்தாமணியைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளால் இவருடைய வாழ்க்கை திசைமாறியதும் இலக்கிய வாசகர்கள் அறிந்த செய்தி. அந்தச் சந்திப்பு கும்பகோணத்தில் உத்தியோகம் கிடைத்ததன் விளைவு என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. செட்டியார் இன்னும் சில ஆண்டுகள் ஓய்வு பெறாதிருந்தால்? அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு மேலே செல்வோம்.

சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றார். மறு ஆண்டு, அதே கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தான் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன். ஊர்ப் பள்ளியில் பரிசுகள் வாங்கியவன். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செலுத்த இயலாதவன். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினான், உதவித்தொகை போயிற்று. வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினான். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான்; உடல்நலம் கெட்டுத் திரும்பினான். 1907 இறுதியில் தனித்தேர்வராக எழுதிய எப்.ஏ.யிலும் வெற்றி இல்லை. சீனிவாச இராமானுஜன் என்னும் பெயர் அன்று அவ்வளவில்தான் இருந்தது: இருமுறை எப்.ஏ. தவறியவர்.

மேதை இராமானுஜனைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. நாம் இங்குப் பார்க்கப்போவது வேலை தேடி அலைந்த இராமானுஜனை மட்டுமே. 1909இல் அவருக்குத் திருமணம் நடந்தது, மனைவி சிறுமி. குடும்பமோ ஏழைக்குடும்பம், தந்தை துணிக்கடைக் கணக்கர். இருபத்திரண்டு வயதில் நோட்டுப்புத்தகங்களைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் புறப்பட்டார்.

அவர் சென்ற முதல் இடமே நம்மை வியக்கவைக்கிறது. 1910இல் திருக்கோயிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலையைப் போட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. ஆனால் அதிகாரம் படைத்த துணைக் கலெக்டர்கள் மாகாணத்தில் எத்தனையோ பேர். அவர்களுள் இவரை இராமானுஜன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் இவரே என்பதுதான். தம் சரக்கை மதிப்பிடத் தெரிந்த ஆளிடம் போக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. உலக விவகாரம் அறியாத அப்பாவி என்று அவரைப் பற்றி வழங்கிவரும் சித்திரத்தோடு இது பொருந்தவில்லை.

நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர் வேலை தர மறுத்துவிட்டார்! வருவாய்த் துறையின் அடிப்படியில் இவரை உட்காரவைத்து அந்த மேதைமையை நெரித்துக்கொல்லத் தமக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். எவ்வளவு உயர்ந்த உள்ளம் என்று நாம் பாராட்டலாம். மறுபக்கம், பயணச் செலவு செய்து வந்து வெறுங்கையோடு திரும்பிய இளைஞனின் நிலையில் இருந்தும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். நல்லகாலமாக, அவர் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. கையில் ஓர் அறிமுகக் கடிதம் இருந்தது.

அக்கடிதம் அவரைச் சென்னைக்குக் கொண்டுசென்றது. மாநிலக் கல்லூரியில் இருந்த பி. வி. சேஷு ஐயர், முன்பு கும்பகோணத்தில் இராமானுஜனுக்குப் பாடம் சொன்னவர். அவர் நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவுக்கு எழுதிக்கொடுத்தார். ராவும் கணிதப் பித்தர்தாம். அவர் கண்ட உருவம் பருத்த, குள்ளமான, சவரம் செய்யாத, அவ்வளவு தூய்மையில்லாத ஓர் இளைஞன். கண்கள் மட்டும் ஒளிவிட்டன. காட்டிய குறிப்புகள் முதலில் அவருக்கு விளங்கவில்லை, பிறகு வரச்சொன்னார். மீண்டும் வந்த இராமானுஜன், ராவின் அறிவெல்லையைத் தெரிந்துகொண்டு எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே அழைத்துச் சென்றார். முடிவில் ராவ் கேட்டார்: உனக்கு என்னதான் வேண்டும்? ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு ஓய்வும், உயிர் தரிக்க ஒரு பிடி சோறும் என்பதே பதில்.

காட்டுகிறவர் கேட்பவரின் படிக்கு இறங்கிவருவது என்பது சிறிய கலையன்று. நோட்டுப்புத்தகத்தின் முதல் பக்கத்தையே கலெக்டரின் முகத்தில் விரித்த முதல்நாள் இராமானுஜன் தோற்றார். தாழ்வான படியில் தொடங்கிய அடுத்த இராமானுஜன் வென்றார். எப்.ஏ. தேர்வாளர்கள் அவருக்கு அந்த இரண்டாம் வாய்ப்பைத் தந்ததில்லை.

நெல்லூர் போன்ற வெளியூரில் இவரை மங்கவிடக் கூடாது என்று கருதிய ராவ், சென்னையிலேயே இருக்கச்செய்து தம் கைப்பொருளிலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பிவந்தார். உதவித்தொகைக்குச் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. பட்டமில்லாதவருக்கு எந்த விதியின்கீழ்க் கொடுப்பது? இதற்கிடையே 1911இல் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதற்கட்டுரை வெளிவந்தது. கவலையின்றி அந்த 25 ரூபாயில் அவர் காலந்தள்ளியிருக்கலாம். பிறர் பணத்தில் நெடுநாள் இருக்க அவர் விரும்பவில்லை. 1912 தொடக்கத்தில் சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் தற்காலிகமாகச் சில வாரங்கள் வேலை பார்த்தார். சம்பளம் 20 ரூபாய். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் உள்ள ஐந்து ரூபாய் வேறுபாட்டை, அந்நாளில் மானம் என்ற சொல்லுக்கு இருந்த விலை என்று நாம் கொள்ளலாம்.

அந்த வேலையில் இருந்துகொண்டே நிலையான இடம் தேடி அவர் எழுதிய விண்ணப்பம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1912 பிப்ரவரி 9 என்று நாளிட்ட அக்கடிதம் திருவல்லிக்கேணி முகவரியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு எழுதப்பட்டது. அங்கே ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிந்தேன் என்று தொடங்கி, மெட்ரிகுலேஷன் தேறியதையும் எப்.ஏ. வரை படித்ததையும் சொல்லி, எதிர்பாராத சில சூழ்நிலைகளால் மேலே படிக்க இயலாது போயிற்று என்று தெரிவிக்கிறது. 'தவறினேன்' என்ற சொல் கடிதத்தில் இல்லை! படிப்பு விட்ட காலத்தைக் கணிதத்தை வளர்ப்பதில் செலவிட்டதாகவும், வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்ற நம்பிக்கை உண்டென்றும் முடிகிறது. வேலைக்கு விண்ணப்பம் எழுதிய எவருக்கும் அந்தச் 'சூழ்நிலைகள்' என்ற சொல்லின் அருமை புரியும்.

விண்ணப்பத்தோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரையும் சென்றது. இவ்விளைஞர் கணிதத்தில் மிக அரிய திறமை படைத்தவர், எண்கள் தொடர்பானவற்றில் சிறப்பாக, என்று சொல்லிவிட்டுக் கூட்டல் கழித்தல் கணக்குகளிலும் மிக விரைவானவர் என்று அதில் அவர் சேர்த்திருந்தார். முன்பகுதி உண்மை; பின்பகுதிதான் பயன்பட்டது. எண் கோட்பாட்டில் மூழ்கிய ஒருவனைக் கணக்குப் பிரிவுக்குத் தேவைப்படும் ஆளாக மொழிபெயர்த்துக் கொடுத்தார் அத்துரை. அந்த அலுவலகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதக் கழகத்தின் பொருளாளர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1912 மார்ச் 1 முதல் மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலைக் குமாஸ்தாவாக இராமானுஜன் வேலையில் அமர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். சாமிநாதையர் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பெற்றதைவிட 20 ரூபாய் குறைவு.

நாராயண ஐயரும் அவரும் இரவு வேளைகளில் சிலேட்டுப் பலகைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அலுவலகத்தின் தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆர்வம் கொண்டார். வேலை கிடைக்காமல் போயிருந்தால் அந்தச் சிலேட்டுகளும் இல்லை. குமாஸ்தா வேலை ஒரு மேதைக்கு நேர்ந்த அவமானம் என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வாழ்க்கையில் முதன்முதலாகச் சோற்றுக்கும் கணிதத்துக்கும் ஒரே கூரை கிடைத்த இடம் அது.

இங்கே சற்று நின்று, இந்தச் சங்கிலியின் கண்ணிகளைத் திரும்பிப் பார்ப்போம். இராமசாமி ஐயர், சேஷு ஐயர், இராமச்சந்திர ராவ், நாராயண ஐயர். இடையே ஆங்கிலேயர் இருவர். இவர்கள் அனைவரும் மேன்மக்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தத் திண்ணைகளில் ஏறி உட்காரும் உரிமை மாகாணத்தில் எத்தனை இளைஞர்களுக்கு இருந்தது? இதைக் கேளாமல் விட்டால் நாம் பாதி வரலாற்றைத்தான் எழுதியவர்களாவோம். இராமானுஜன் விண்ணப்பம் எழுதிய அதே 1912ஆம் ஆண்டின் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டினரான பிராமணர்கள், துணைக் கலெக்டர்களில் 55 விழுக்காடு; மாவட்ட முனிசீபுகளில் 72 விழுக்காட்டுக்கும் மேல். கல்வியில் அவர்கள் முந்திக்கொண்டது ஒரு காரணம். ஆனால் உள்ளே இருப்பவரின் சொல்லே வெளியே நிற்பவரின் திறவுகோல் என்னும்போது, உள்ளே யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளை யாரைப் 'பார்ப்பான்'? திருக்கோயிலூருக்குப் போகும் வழி அவனுக்குத் தெரியலாம். அங்கே அவனுடைய நோட்டுப்புத்தகம் திறக்கப்படுமா என்பதுதான் கேள்வி. கும்பகோணத்துக்கு வெளியே, வேறு தெருவில் பிறந்த ஓர் இராமானுஜனைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதே அவனுடைய வரலாறு.

1916 டிசம்பரில் பிட்டி தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை இந்தப் பதவிக் கணக்கைத்தான் முன்வைத்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. 1924இல் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. 1929இல் சட்டத்தின் வழியே சென்னை அரசுப் பணித் தேர்வாணையம் வந்தது. மாகாண அளவில் இந்தியாவிலேயே முதலாவது அதுதான். திண்ணையின் இடத்தில் தேர்வு மண்டபம். கடிதத்தின் இடத்தில் விண்ணப்பப் படிவம். எழுதுகிறவனின் முகத்தையும் தெருவையும் திருத்துகிறவர் அறியார். எத்தனை ஆயிரம் வீடுகளில் முதன்முதலாக மாதச் சம்பளம் நுழைந்தது இந்த ஏற்பாட்டால் என்பதை, அத்தகைய வீடுகளிலிருந்து வந்த நம்மில் பலர் சொல்லக்கூடும்.

இராமானுஜன் 1930இல் இருபத்திரண்டு வயதினராய் இருந்திருந்தால் அத்தேர்வில் தேறியிருப்பாரா என்று நண்பர்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. கணக்குத் தாளில் ஐயமில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாள் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் நமக்கு அச்சமாகத்தான் இருக்கிறது. சாமிநாதையர் படிவத்தை நிரப்பவே தகுதியற்றவராய் இருந்திருப்பார். இரண்டு வாசல்களுள் ஒவ்வொன்றும் யாரையோ வெளியே நிறுத்தியது. எந்த வாசல் எத்தனை பேரை நிறுத்தியது என்பதில்தான் வேறுபாடு. அந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், நாம் தேர்வு மண்டபத்தின் பக்கமே நிற்போம். சிலேட்டுப் பலகைகளை நினைத்துச் சற்றே வருத்தத்தோடு.

துறைமுகக் கழகத்துக் குமாஸ்தாவிடம் மீண்டும் வருவோம். கடிதங்கள் இன்னும் முடியவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற மடலும், ஒரு வேலைதேடுவோனின் விண்ணப்பத்தைப் போலவே தொடங்குகிறது: என்ன வேலை, என்ன சம்பளம், என்ன வயது, என்ன படிப்பு. ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் என்று குறிப்பிடுகிறார். பவுனுக்கு 15 ரூபாய் என்ற அந்நாளைய கணக்கில் மாதம் 30 ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 பவுன் ஆகும். வயது ஏறத்தாழ 23 என்கிறார்; உண்மையில் 25 நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. எண்களின் மன்னர் தம்மைப் பற்றிய இரண்டு எண்களையும் குறைத்தே எழுதியிருக்கிறார்!

பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி விடையெழுதினார். நிறுவல்களை அனுப்பச் சொன்னார். பிப்ரவரி 27இல் இராமானுஜன் எழுதிய மறுமடலில் நிறுவல்களைவிட வேறொன்றே முதன்மையாக நிற்கிறது. தாம் அரைப்பட்டினி கிடப்பவர் என்றும், மூளையைக் காத்துக்கொள்ளச் சோறு வேண்டும், அதுவே இப்போது முதற்கவலை என்றும் கூறிவிட்டு, அவரிடமிருந்து பரிவான ஒரு கடிதம் வந்தால் இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை பெற உதவியாக இருக்கும் என்று கேட்கிறார். உலகின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவரிடமும் அவர் கேட்டது ஒரு சிபாரிசுக் கடிதம்தான்.

அந்த வசந்தத்தில் பல்கலைக்கழகத்தில் வாதம் நடந்தது. பட்டமில்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதி இடங்கொடுக்கவில்லை. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று சட்டத்தின் முகவுரை சொல்வதை எடுத்துக்காட்டி வழி கண்டார்கள். 1913 மே மாதம் முதல் எப்.ஏ. தவறிய அந்தக் குமாஸ்தா, பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ஆனார். மாதம் 75 ரூபாய்.